காற்றுக்கு ஏற்ற துணி

பெரியவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, சின்னவளுக்கு நாற்பத்தேழு. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் சொந்தபந்தம் முழுக்க அந்த அக்கா தங்கையைப் பெரியவள், சின்னவள் என்றே சொன்னது. பெரியவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போய், டாக்டரும் நீதிபதியும் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். அவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். சின்னவள் கூடாரம் தைப்பவள். பூட்டுக்கடை மாடியில் இரண்டு அறைகள், நீளமான வெட்டுமேசை ஒன்று, தையல் மெஷின் இரண்டு, எவ்வளவு இழுத்தாலும் முழுதாக மூடாத ஜன்னல் ஒன்று. மலையேறுகிறவர்கள் முதுகுப்பையில் ஒரு மூலையில் திணித்துக்கொண்டு போகிற லேசான கூடாரங்களுக்கு அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

பெரியவளுக்கு வருடத்தில் பத்து நாள் மலை வேண்டும். தனியாகத்தான் போவாள். வருடம் முழுக்க அடுத்தவர்கள் பேச்சைச் சுமக்கிறேன், பத்து நாளாவது என் மூட்டையை மட்டும் சுமக்கிறேனே என்பாள். இரண்டு வருடமாக வலது முழங்கால் தொந்தரவு கொடுத்தது. அதனால் மூட்டையின் எடையைக் குறைக்கும் பைத்தியம் பிடித்தது. டூத்பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தாள். சட்டைகளின் காலரில் இருந்த லேபிளைக்கூட வெட்டி எறிந்தாள். ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துக் காகிதத்தில் எழுதினாள். அவள் கணவர், சின்னவளுக்கு அத்தான், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வாய்க்கொழுப்பு அதிகம். "நான் வாயத் திறக்கிறதே இல்ல. திறந்தா என்னையும் தராசுல ஏத்திருவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் குறைத்தாகிவிட்டது, மிஞ்சியது கூடாரம். அந்த வருடம் அவள் போக நினைத்தது ஒரு கணவாய் வழி. மரம் மட்டை எதுவும் இல்லாத மொட்டை மேடு. காற்றுக்குப் பேர்போன இடம். ஒரு திங்கட்கிழமை மதியம், இரண்டு வேலைகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், அவள் மாடிப்படி ஏறி வந்தாள். தங்கை முன்பே கொடுத்திருந்த மூன்று துணித் துண்டுகளை வெட்டுமேசையில் வரிசையாக வைத்தாள். சனிக்கிழமை கிளம்ப வேண்டும், எதில் தைப்பது என்று கேட்டாள்.

முதல் துண்டு சிலிகான் பூசிய நைலான். நனைந்தால் தொய்யும், நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். ஆனால் காற்று வந்து அறைந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அடியை வாங்கிக்கொண்டு பழையபடி நிற்கும். இரண்டாவது பாலியஸ்டர். தொய்வு குறைவு, கிழிசலைத் தாங்கும் சக்தியும் குறைவு. மூன்றாவது ஃபிலிம் துணி. கண்ணாடிக் காகிதம் மாதிரி இரண்டு மெல்லிய ஏடுகள், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கான நூல். எடையில் நைலானில் பாதிதான். நனையாது, தொய்யாது, நீண்டும் கொடுக்காது. காற்றின் அடி முழுவதும் மூலைகளில் போய் இறங்கும். கயிறு கட்டுவதற்காக அங்கே ஒட்டியிருக்கும் பட்டைதான் அத்தனையையும் தாங்க வேண்டும்.

இதெல்லாம் சின்னவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காட்டுக்குள் மர நிழலில் படுப்பதானால் ஃபிலிம், மொட்டை மேடானால் நைலான் என்று இந்த ஏழெட்டு வருடத்தில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பாள்.

ஆனால் அந்த வாரம் அவள் கழுத்தளவு வேலையில் இருந்தாள். ஆம்புலன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஸ்ட்ரெச்சர் உறை அறுபது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பாதிகூட முடியவில்லை. நைலான் என்றால் வழுக்கிக்கொண்டு ஓடும் துணி. ஒவ்வொரு தையலையும் மடித்து இரண்டு தடவை ஓட்ட வேண்டும், பிறகு தையல் நெடுக சிலிகான் பசை தடவிக் காயவிட வேண்டும். முழுசாக மூன்று நாள் பிடிக்கும். ஃபிலிமுக்குத் தையலே கிடையாது. வெட்டி, நாடா வைத்து ஒட்டி, உருளையால் அழுத்திவிட்டால் போதும், அரைநாள் வேலை. போன ஆர்டரில் மிஞ்சிய ஃபிலிம் சுருளில் ஒரு கூடாரத்துக்கு வேண்டிய துணி இருந்தது.

பெரியவள் மூன்று துண்டுகளையும் விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏன்டி சின்னு, வியாபாரப் பேச்சு வேண்டாம். உனக்குன்னா எதுல தைப்ப?"

சின்னவளின் சொந்தக் கூடாரம் பரணில் கிடந்தது. நைலான்.

"ஃபிலிம்தான்க்கா" என்றாள் சின்னவள். "உன் முழங்காலுக்கு அதுதான் சரி. என்னோட பரிசா வச்சுக்கோ."

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிலிம் துணி எவ்வளவு விலை உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். தங்கையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் படியிறங்கினாள். அன்று மாலையே அத்தான் போன் செய்து, மச்சினிச்சிக்கு இவ்வளவு பெரிய மனசா, எனக்கு ஒரு மழைக்கோட்டாவது கிடைக்காதா என்று கேலி செய்தார். சின்னவளும் சிரித்தாள். ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை ஸ்ட்ரெச்சர் உறைகளோடு சேர்த்து ஓரமாகத் தள்ளி வைத்தாள். காற்று அடித்தால்தானே, எல்லா வருடமுமா அடிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலைதான் ஃபிலிமைக் கையில் எடுக்க முடிந்தது. ஜன்னல் இடுக்கு வழியே குளிர் வந்துகொண்டிருந்தது. ஒட்டும் நாடா குளிரில் சரியாகப் பிடிக்காது. ஒட்டியபின் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு முழு நாளாவது வைக்க வேண்டும் என்பது அவளே சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி. அன்று ஒட்டினாள், உருளையால் இரண்டு தடவை அழுத்தினாள், மூலைகளை இழுத்துப் பார்த்தாள். பிடித்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே பெரியவள் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தானிடமிருந்து போன் வந்தது. இந்தத் தடவை கேலி இல்லை. பெரியவள் கீழே விழுந்துவிட்டாள், வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, மலையடிவார ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே கூட்டி வந்திருக்கிறேன், வா என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பெரியவளே நடந்ததைச் சொன்னாள். ஐந்தாம் நாள் பிற்பகல் கணவாய்க்குக் கீழே ஒரு சமதரையில் கூடாரம் போட்டிருக்கிறாள். மூன்று மணி வாக்கில் காற்று எழும்பியது. முதலில் சலசல என்று இருந்தது, பிறகு தகரத்தைத் தடியால் அடிக்கிற மாதிரி சத்தம். அவள் உள்ளே உட்கார்ந்து காலுறை மாற்றிக்கொண்டிருந்தபோது, காற்றடிக்கும் பக்கத்து மூலை பட்டென்று விட்டது. கண் மூடித் திறப்பதற்குள் கூடாரம் முழுவதும் புரண்டு, கூரையைத் தாங்க நடுவில் நிறுத்தியிருந்த நடைக்கோல் அவள் தோளில் விழுந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. அங்கே இருந்தால் விறைத்துச் செத்துப்போவோம் என்று, கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு வனக்காவலர் குடிசையை நோக்கி இறங்கியிருக்கிறாள். ஈரப் பாறையில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தாள்.

இரண்டு எலும்பு முறிந்திருந்தது. அது கூடிவிடும் என்றார் டாக்டர். நரம்பு நசுங்கியிருக்கிறது, மோதிர விரலும் சுண்டு விரலும் எந்த அளவுக்குத் திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பெரியவள் சொன்னதும் அவர் ஃபைலைப் பார்த்தார்.

டாக்டர் போன பிறகு சின்னவள் வாய் திறந்தாள். "அக்கா, அந்தத் துணி..." என்று ஆரம்பித்தாள்.

"துணிய ஒண்ணும் சொல்லாத. நான்தான் கயிறு கட்டுற முளைய ஒழுங்கா அடிக்கல" என்றாள் பெரியவள். "கோணம் தப்பாப் போச்சு. அவ்வளவு அருமையாப் பண்ணிக் குடுத்த, நான் ஒரே வாரத்துல பாழாக்கிட்டேன்."

அத்தானும் சேர்ந்துகொண்டார். இவள் அவசரக்காரி, வீட்டில் சுவரில் ஆணி அடித்தால்கூட அது பாதியில் வந்துவிடும் என்றார். மூவரும் லேசாகச் சிரித்தார்கள். இப்போது வேண்டாம், வலி குறையட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று சின்னவள் நினைத்தாள்.

கூடாரத்தில் மிஞ்சியதை வனக்காவலர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதை அத்தான் அவளிடம் கொடுத்தார், சரி பண்ண முடிந்தால் பண்ணு என்று. மாடி அறைக்கு எடுத்துப்போய் வெட்டுமேசையில் விரித்துப் பார்த்தாள். அறுந்த மூலையின் கயிறு அப்படியே இருந்தது. கயிற்றின் ஒரு நுனியில் முளை, கழுத்துவரை காய்ந்த மண்ணோடு. ஆழமாக இறங்கி, அசையாமல் நின்று, காவலர்கள் தோண்டி எடுத்த முளை அது. மறு நுனியில் அவள் ஒட்டிய முக்கோணப் பட்டை. பட்டையின் பின்பக்கம் பளபளவென்று இருந்தது. துணியின் ஒரு நூல்கூட அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஒழுங்காகப் பிடித்த பட்டை துணியையே பிய்த்துக்கொண்டுதான் வரும். இது தபால்தலை உரிகிற மாதிரி உரிந்திருந்தது.

அக்கா முளையைச் சரியாகத்தான் அடித்திருந்தாள். சின்னவள் எல்லாவற்றையும் பழையபடி சுருட்டிப் பைக்குள் போட்டு, மேசைக்கு அடியில் துணிச்சுருள்களுக்குப் பின்னால் தள்ளினாள். அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்பது வாரங்களாக நீண்டது. தினமும் மாலை ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். தலை வாரிவிட்டாள், பித்தான் போட்டுவிட்டாள், பாத்திரம் துலக்கினாள், துணி மடித்து வைத்தாள். அத்தான் கையைப் பிசைந்துகொண்டு, நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு எங்காவது ஓடிப்போகலாம் போலிருக்கும். அவர் சொல்லச் சொல்ல இன்னும் கொஞ்சம் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். உடம்பை வருத்தினால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நினைப்பு. நேராகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்று சொல்லியிருக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணுவாள்: தலை வாரும்போது ஒன்று, டீ ஆற்றும்போது ஒன்று, செருப்பு மாட்டும்போது ஒன்று.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு ஒரு கேக் கடைக்காரி வந்திருந்தாள். காது கேளாதவள், நிறைமாதக் கர்ப்பிணி. அவள் வழக்கு, கடை லைசென்ஸ், கல்யாணம் எல்லாவற்றுக்கும் பெரியவள்தான் கூட நின்றிருக்கிறாள். பிரசவத்துக்கும் பக்கத்தில் இருந்து டாக்டர் சொல்வதைச் சொல்வதாக ஏற்பாடு. இப்போது கட்டுப்போட்ட கையோடு பெரியவள் இடது கையால் என்னவோ சொல்ல, கேக் கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்து, "குடிகாரன் உளர்ற மாதிரி இருக்காம் என் பேச்சு" என்று தங்கையிடம் சொன்னாள்.

பிறகு கேக் கடைக்காரி சின்னவளைக் காட்டி ஏதோ கேட்டாள். கைகள் கூரை மாதிரி சேர்ந்தன, ஊசி கோப்பது மாதிரி விரல்கள் அசைந்தன. பெரியவள் பதில் சொல்லிவிட்டு, வழக்கமாகச் செய்வது போல் வாயாலும் சொன்னாள்: "நீதான் எனக்கு டென்ட் தைச்சியான்னு கேக்குறா. ஆமான்னேன். நல்லா தைப்பாளான்னு கேட்டா. அவ கை பட்டது பிரியவே பிரியாதுன்னு சொல்லிட்டேன்."

கேக் கடைக்காரி சின்னவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். சின்னவள் குழாயடியில் பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

ஐந்தாவது வாரம் பெரியவள் தன் மலைச் செருப்பையும் முதுகுப்பையையும் கதவருகில் எடுத்து வைத்திருந்தாள். யாராவது கேட்டால் கொடுத்துவிடப் போகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு முளை அடிக்கத் தெரியாதவளுக்கு மலை எதற்கு, ஐம்பதுக்கு மேல் கைநிதானம் போய்விட்டது, அதைத் தெரிந்துகொள்ள ஒரு கை செலவாயிற்று என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அவள் நடையே மாறியிருந்ததைச் சின்னவள் அப்போதுதான் கவனித்தாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாலையைக் கடக்க அத்தானுக்காகக் காத்திருந்தாள்.

அன்று பெரியவளுக்கு ஒரு உதவி தேவைப்பட்டது. மலையேறுகிறவர்கள் குழு ஒன்றில் அவள் பல வருட உறுப்பினர். புதிதாக வருகிறவர்கள் தன் தப்பிலிருந்து தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கட்டுரை அனுப்ப நினைத்தாள். டைப் செய்யக் கை வராது. நான் சொல்கிறேன், நீ அடி என்று தங்கையைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள்.

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். காற்றடிக்கும் மேட்டில் நான் செய்த தவறுகள். முதலாவது, முளையைப் போதிய ஆழம் அடிக்கவில்லை. சின்னவள் டைப் அடித்தாள். இரண்டாவது, அருமையான கூடாரம் கையில் இருக்கிறது என்ற மெத்தனம். தைத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சரியான துணியைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

சின்னவளின் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. பெரியவள் அடுத்த வாக்கியத்தையும் சொல்லி முடித்து, அடித்துவிட்டாயா என்று கேட்டாள்.

"இல்லக்கா. இது பொய்."

"எது?"

"எல்லாமே. முளை நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். மண்ணோட இருக்கு, என்கிட்டதான் இருக்கு. பட்டை உரிஞ்சிருச்சு. குளிர்ல ஒட்டினேன், காயவிடல."

பெரியவள் திரும்பினாள். சின்னவள் திரையைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். அந்த மேட்டுக்கு நைலான்தான் சரி என்று தனக்குத் தெரியும் என்றாள். நைலானில் தைக்க மூன்று நாள் ஆகும், ஸ்ட்ரெச்சர் உறை முடியவில்லை, அதனால் சீக்கிரம் முடிகிற துணியை எடுத்துப் பரிசு என்று பெயர் வைத்துக் கொடுத்தேன் என்றாள். சொல்லச் சொல்ல, மனதுக்குள் மலை மாதிரி இருந்த விஷயம் வாய்விட்டுச் சொல்லும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அறுபது உறை. அதற்காக.

பெரியவள் கத்தவில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும்போது இருக்கும் முகம் வந்துவிட்டது அவளுக்கு. எதையும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டுக்கொள்கிற முகம்.

"உனக்குன்னா எதுல தைப்பன்னு கேட்டேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில நான் முளை முளைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே, அப்ப?"

"ஒரு சந்தேகம் இருந்துச்சு. மறுநாள் பையப் பிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு."

பெரியவள் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்தாள். "கை போனது காத்தாலன்னு வச்சுக்கறேன். வேலை மும்முரத்துல ஆளுங்க தப்புப் பண்றது உண்டு. ஆனா அஞ்சு வாரமா நான் என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். தெருவுல நடக்கவே பயந்துக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்குத் தலை வாரிக்கிட்டு இருந்த."

சின்னவள் அழுதாள். பெரியவள் அதைத் துடைக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. இன்றைக்கு நீ கிளம்பு என்றாள். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தக் கட்டுரைய நீயே எழுது. உன் பேர் போட்டு எழுது."

அவள் எழுதினாள். இரண்டு நாள் எழுதினாள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் தன்னைக் காப்பாற்றுகிற ஒரு சொல் எங்கிருந்தாவது உள்ளே நுழைந்துவிடும். வேலைப்பளு காரணமாக என்று எழுதி அழித்தாள். எதிர்பாராத காற்று என்று எழுதி அழித்தாள். கடைசியில் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. மொட்டை மேட்டுக்கு நைலான், அது ஏன். ஃபிலிம் எங்கே சரி, எங்கே ஆபத்து. நான் தெரிந்தே மாற்றிச் சொன்னேன், சரியாக ஒட்டவும் இல்லை, என் அக்காவின் கை போயிற்று. இதுவரை என்னிடம் ஃபிலிம் கூடாரம் வாங்கியவர்கள் கொண்டுவந்தால் பட்டைகளைச் சோதித்துத் தருகிறேன் என்று முடித்துக் குழுவுக்கு அனுப்பினாள்.

வசவு வந்தது, அது எதிர்பார்த்ததுதான். இரண்டு ஆர்டர் ரத்தானது. ஒருவர், உண்மை சொன்னதற்கு நன்றி, ஆனால் இனி உங்களிடம் வாங்க மாட்டேன் என்று மரியாதையாக எழுதினார்; வசவுகளை விட அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. ஒன்பது பேர் கூடாரங்களைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் மணல் பையைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டாள். எட்டு கூடாரங்கள் அசையவில்லை. ஒன்பதாவதன் ஒரு பட்டை கண் முன்னால் மெல்ல மெல்ல நழுவி இறங்கியது. அது ஒரு புதுமணத் தம்பதியுடையது, அதே குளிர்மாதத்தில் ஒட்டியது. அவர்கள் இன்னும் அதை ஒரு தடவைகூட விரிக்கவில்லை.

அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அத்தான்தான் ஒரு தடவை கூப்பிட்டு, எதைப் பேசுவது என்று தெரியாமல் லிஃப்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு, கட்டைப் பிரித்துவிட்டார்கள், மோதிர விரல் அசைகிறது என்றார். கேக் கடைக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றும் சொன்னார். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் ஏற்பாடு செய்தார்களாம், பாதியில் திரை உறைந்துவிட்டதாம். இருபது நிமிடம் சுற்றி என்ன நடக்கிறது, எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. தாயும் குழந்தையும் நலம்தான் என்று அத்தான் அவசரமாகச் சேர்த்தார். சின்னவள் போனை வைத்த பிறகு அந்த இருபது நிமிடத்தைச் சுவர்க்கடிகாரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மிக நீளமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிப் பதினெட்டு நாள் ஆன பிறகு, ஒரு மதியம், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவள் வந்து நின்றாள். வலது கையில் ஒரு ரப்பர் பந்து. அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், உத்தரத்தில் தொங்கிய மணல் பையைப் பார்த்தாள்.

"நைலான்ல ஒண்ணு தைச்சுக் குடு. நான் கூட இருக்கேன்."

"என்னை நம்பி..."

"அதான் கூட இருக்கேன்னு சொன்னேனே."

மூன்று நாள் பிடித்தது. பெரியவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் துணியை வெட்டினாள், மடித்து இரண்டு தையல் ஓட்டினாள், மூலைகளில் நான்கு மடிப்பு வைத்துத் தைத்தாள். ஒவ்வொரு மூலையையும் முடித்ததும் அக்காவிடம் நீட்டினாள். பெரியவள் இடது கையால் பிடித்து, வலது கையில் நன்றாக இருந்த மூன்று விரலால் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். இரண்டாம் நாள் மதியம் ரொட்டியைப் பிய்க்க முடியாமல் பெரியவள் தட்டைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். சின்னவள் பிய்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். கட்டுரையைப் படித்தேன் என்று மூன்றாம் நாள் கிளம்பும்போது பெரியவள் சொன்னாள். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மோதிர விரல் முக்கால்வாசி திரும்பி வந்தது. சுண்டு விரல் வரவில்லை. பாதி மடிந்தபடியே நின்றுவிட்டது. பெரியவள் வேலைக்குத் திரும்பினாள். சில சொற்களை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கேக் கடைக்காரி, உன் பேச்சில் இப்போது வெளியூர் வாடை அடிக்கிறது என்று கிண்டல் செய்வாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பழையபடி சிரிப்பும் பேச்சும் வந்தது. ஆனால் முன்பெல்லாம் தங்கை சொன்னால் தலையாட்டிவிடுகிற பெரியவள், இப்போது எதைச் சொன்னாலும், பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னால்கூட, ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். அந்த ஒரு கணத்துக்குச் சின்னவள் பழகிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் பெரியவள் அதே கணவாய்க்குப் போனாள். கிளம்புகிற நாளை முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தான்தான் சொன்னார். பத்து நாளும் சின்னவள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வெளியே மரம் அசைகிறதா என்று பார்த்தாள், அந்த மலைக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும்.

பதினோராம் நாள் காலை போன் வந்தது. பஸ் நிலையத்திலிருந்து பேசுகிறேன் என்றாள் பெரியவள்.

"நல்ல காத்துடி. ரெண்டு நாள் விடாம அடிச்சுது. நின்னுச்சு. ஆனா நனைஞ்சா தொளதொளன்னு ஆயிடுது, எந்திரிச்சு எந்திரிச்சு கயித்த இழுத்துக் கட்டினேன்."

"நைலான் அப்படித்தான்க்கா."

"தெரியும். சொல்லித்தான் குடுத்த." பிறகு சாதாரணமாகச் சேர்த்தாள்: "குளிர்ல அந்த ரெண்டு விரலும் மரத்துப்போயிருச்சு. முளையப் பிடுங்க முடியல. இடது கையால பிடுங்கறதுக்குள்ள பொழுது நல்லா விடிஞ்சிருச்சு."

பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும், நான் வந்து பையைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள் சின்னவள்.

"பை லேசுதான்" என்றாள் பெரியவள். பிறகு, "சரி, வா" என்றாள்.